செங்கல்பட்டுக் கரையில் உப்பங்கழி மீன்பிடிப்பு: ஒரு முகத்துவாரத்தின் வரலாறு

செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரை என்றதும் மாமல்லபுரத்துக் கற்கோயில்களும் கல்பாக்கம் அணுமின் நிலையமும் நினைவுக்கு வரும். மீனவர் என்றதும் கட்டுமரமும் அலையும் வரும். கடலுக்குச் சில நூறு அடி மேற்கே, மணல் மேட்டுக்குப் பின்னால் கிடக்கும் நீர்ப்பரப்பை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். வடக்கே முட்டுக்காட்டில் கடலைச் சேரும் கோவளம் கழி, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கொக்கிலமேட்டை ஒட்டிய கழி, வாயலூருக்கும் கடலூருக்கும் இடையே பாலாறு கடலில் கலக்கும் முகத்துவாரம், அதற்கும் தெற்கே முதலியார்குப்பத்தை அடுத்த ஓதியூர் ஏரி ஆகியவை இந்த நீர்ப்பரப்பின் முக்கியப் பகுதிகள். (இங்கே குறிப்பிடும் கடலூர், செய்யூர் வட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். மாவட்டத் தலைநகரான கடலூர் வேறு. மாணவர்கள் இதில் அடிக்கடி குழம்புவார்கள்.)

படகும் இயந்திரமும் இல்லாமல், வீச்சு வலையாலும் வெறுங்கையாலும் இந்தக் கழிகளில் மீனும் இறாலும் நண்டும் பிடித்து வாழ்ந்த மக்களின் வரலாறு தனியாக எழுதப்பட்டதில்லை. அவர்களுடைய தொழில் எதனால் நிலைத்தது, எதனால் தேய்ந்தது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மணல் திட்டும் இறாலும்

கழிமுக மீன்பிடிப்பு முழுவதும் ஒரு மணல் திட்டைச் சார்ந்தது. கோடைக்காலத்தில் ஆற்றில் நீர்வரத்து குறையும். அலை கொண்டுவந்து தள்ளும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறு பெருகி வந்து அந்த மணலை உடைக்கும். கடலும் கழியும் ஒன்றோடொன்று சேரும். ஏற்றத்தில் உப்புநீர் உள்ளே வரும், வற்றத்தில் நன்னீர் கலந்த நீர் வெளியே போகும். இந்த இரண்டும் கலந்த நீருக்குத்தான் உவர்நீர் என்று பெயர்.

வெள்ளை இறாலின் வாழ்க்கை இந்தத் திறப்பை நம்பியே அமைந்தது. தாய் இறால் கடலில் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு இரண்டு மூன்று வாரங்கள் கடலில் மிதந்து, பல உருமாற்றங்களை அடைந்து, பின்னர் ஏற்றத்தோடு கழிக்குள் நுழைகிறது. கழியின் சேற்றில் இரை மிகுதி, பெரிய மீன்களின் தொல்லை குறைவு. அங்கே சில மாதங்கள் வளர்ந்தபின் மீண்டும் கடலுக்குப் போய் இனம் பெருக்குகிறது. மடவை, கொடுவா, பால்மீன் போன்ற மீன்களும் ஏறத்தாழ இப்படித்தான், கடலுக்கும் கழிக்கும் இடையே வாழ்கின்றன.

ஆகவே முகத்துவாரம் திறக்காத ஆண்டில் கழியில் இறால் இல்லை. கழியில் வளராத இறால் அடுத்த பருவத்தில் கடலிலும் குறையும். கழியில் கைவைத்துத் தேடுபவருக்கும் ஆழ்கடலில் இழுவலை போடுபவருக்கும் இறால் கிடைப்பது இந்த ஒரே வாசல் வழியாகத்தான். திறக்கும் நீரோ மேற்கே, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்து வருகிறது.

பழைய துறைகள்

பாலாற்று முகத்துவாரம் பழங்காலத்திலேயே மக்கள் கூடிய இடம். வாயலூரை அடுத்த வசவசமுத்திரத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியபோது உறைகிணறுகளும், ரோமானிய வணிகத்தோடு தொடர்புடைய மதுச்சாடிகளின் உடைந்த பகுதிகளும் கிடைத்தன. வாயலூரில் இராஜசிம்ம பல்லவனின் காலத்துத் தூண் கல்வெட்டு பல்லவர் மரபுவழியைக் கூறுகிறது. வடக்கே சில கிலோமீட்டரில் சதுரங்கப்பட்டினம். அங்கே 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் வந்து துணி வாங்கினர், கோட்டை கட்டினர். ஆற்றின் வாயில் இத்தனை துறைகள் தோன்றியதற்குக் காரணம் அங்கே நன்னீரும் படகுக்கு ஒதுங்கிடமும் இருந்ததுதான்.

கல்வெட்டுகளும் கம்பெனிக் கணக்குகளும் துணியையும் நெல்லையும் உப்பையும் எழுதின. கழியில் இறங்கியவரின் பறியை எவரும் கணக்கில் எழுதவில்லை. வரி வராத தொழிலுக்கு ஆவணம் இருக்காது என்பது வரலாறு படிப்போர் எல்லோரும் அறிந்ததே.

கால்வாய் வந்தது

கழிகளின் அமைப்பை முதலில் பெரிதாக மாற்றியது பக்கிங்காம் கால்வாய். 1806இல் பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வணிகர் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கிய கால்வாய் அது. 1837இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. பின்னர் வடக்கிலும் தெற்கிலும் நீட்டியது. 1876 முதல் 1878 வரையிலான தாது வருடப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரே கால்வாய்க்கும் வைக்கப்பட்டது. தெற்கே அது மரக்காணம் வரை சென்றது.

இந்தக் கால்வாய் வெறும் தரையில் வெட்டப்பட்டதன்று. கடற்கரைக்கு இணையாக ஏற்கெனவே கிடந்த கழிகளை ஒன்றோடொன்று கோத்ததுதான் கால்வாய். கோவளம் கழியும் பாலாற்று முகத்துவாரமும் முதன்முறையாக ஒரே நீர்ப்பாதையில் சேர்ந்தன. விறகும் உப்பும் தானியமும் படகில் சென்னைக்குப் போயின. பாரதிதாசனின் 'மாவலிபுரச் செலவு' என்னும் கவிதை இக்கால்வாயில் மாமல்லபுரத்துக்குப் படகில் போன பயணத்தைப் பற்றியது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கால்வாய் எப்படி இருந்தது என்று அறிய விரும்பும் மாணவர்கள் அதைத் தேடிப் படிக்கலாம்.

சாலையும் இரயிலும் வந்தபின் படகுப் போக்குவரத்து நின்றது. மதகுகள் பழுதடைந்தன. ஆனாலும் கால்வாய் மீனவர்களுக்குப் பயன்பட்டது. கழியில் நுழைந்த இறால் கால்வாய் வழியாகப் பரவியது. மடவை கூட்டமாக ஏறியது. போக்குவரத்துக்கு வெட்டிய பள்ளம் சில தலைமுறைகளுக்கு மீன் வளரும் பள்ளமாகவும் இருந்தது. திட்டமிட்டவர்கள் இதை நினைத்திருக்கமாட்டார்கள்.

கையால் தேடுவோர்

கழியில் மீன்பிடிப்போர் ஒரே சமூகத்தினர் அல்லர். கடற்கரைக் குப்பங்களில் வாழும் பட்டினவர், கடல் கொந்தளிக்கும் நாட்களில் கழியில் வலை போடுவர். உள்நாட்டு ஊர்களைச் சேர்ந்த பலர் வீச்சு வலையோடு வருவர். ஆண்டு முழுதும் கழியையே நம்பியிருப்போரில் பெரும்பகுதியினர் இருளர்.

இருளர் பழங்குடியினர் காட்டு மக்கள் என்றே பாடநூல்களில் படிக்கிறோம். செங்கல்பட்டுப் பகுதியில் அவர்கள் நெடுங்காலம் புதர்க்காடுகளில் தேன், கிழங்கு, மூலிகை சேகரித்தும், வயல் எலி பிடித்தும், பாம்புத் தோல் விற்றும் வாழ்ந்தனர். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதைத் தொடர்ந்து பாம்புத் தோல் வணிகத்துக்கு விதிக்கப்பட்ட தடையும் அவர்களுடைய வருமானத்தின் பெரும்பகுதியை நிறுத்தின. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. வடநெம்மேலியில் அது பாம்பு நஞ்சு எடுத்து மருந்து நிறுவனங்களுக்கு வழங்கி வருகிறது. அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றது பலருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் சங்கத்தில் சேர்ந்தவர்கள் சில நூறு பேர்தான். மற்றவர்கள் நெல் ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் சவுக்குத் தோப்புக்கும் கூலிக்குப் போனார்கள், அல்லது கழியில் இறங்கினார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு ஆலையிலும் சூளையிலும் கொத்தடிமையாகச் சிக்கியவர்கள் பலர். கழியில் முன்பணம் தருபவர் யாருமில்லை, அதட்டுபவரும் யாருமில்லை. அந்த விடுதலையும் சேர்ந்துதான் அவர்களைக் கழிக்கு இழுத்தது என்பது என் கருத்து.

அவர்கள் மீன்பிடிக்கும் முறை எளிது, ஆனால் கடினமானது. வற்றத்தில் முழங்கால் முதல் மார்பு வரை நீர் நிற்கும் இடத்தில் ஆணும் பெண்ணுமாக வரிசையாக இறங்குவர். குனிந்து, இரு கைகளாலும் சேற்றைத் தடவிக்கொண்டே மெல்ல நகர்வர். பகலில் இறால் சேற்றில் புதைந்திருக்கும். விரலில் பட்டதும் அமுக்கிப் பிடிக்க வேண்டும். இரு கைகளும் வேலையில் இருப்பதால், பனையோலையில் முடைந்த பறியைக் கழுத்தில் மாட்டியோ பல்லில் கவ்வியோ வைத்துக்கொண்டு, பிடித்ததை அதிலே போடுவர். கெளுத்தி முள்ளும் சிப்பி ஓடும் கையைக் கிழிக்கும். ஒரு நாளில் நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் உடல் தாங்காது.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் தை, மாசி மாதங்களில் சில பிள்ளைகள் தொடர்ந்து வரமாட்டார்கள். காரணம் கேட்டால் மற்றப் பிள்ளைகள் "எறா புடிக்கப் போயிருக்கு சார்" என்பார்கள். முகத்துவாரம் திறந்து இறால் வளர்ந்திருக்கும் மாதங்கள் அவை என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே விளங்கியது. இறால் வராத ஆண்டில் அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கு ஒழுங்காக வந்தார்கள். ஆனால் சாப்பாட்டுக்கு மதிய உணவை மட்டுமே நம்பி வந்தார்கள்.

இம்முறையில் மீன்வளம் அழிவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. விரலுக்குத் தட்டுப்படும் அளவு வளர்ந்த இறால்தான் பறிக்குள் போகும், குஞ்சு தப்பிவிடும். எவ்வளவு பேராசை இருந்தாலும் இரண்டு கைகளால் பிடிக்கக்கூடிய அளவுக்கு மேல் பிடிக்க முடியாது.

அதற்காகச் சிறுதொழில் என்றாலே குற்றமற்றது என்று சொல்லிவிடக் கூடாது. 1990களில் இறால் பண்ணைகள் பெருகியபோது, பண்ணைகளுக்குக் குஞ்சு தேவைப்பட்டது. பல கழிகளில் கொசுவலை போன்ற நெருக்கமான வலைகளைக் கொண்டு குஞ்சுகளை அள்ளி விற்றார்கள். விலை கிடைக்கும் இறால் குஞ்சைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மற்ற மீன்குஞ்சுகளைக் கரையில் கொட்டினார்கள். பொரிப்பகங்கள் வந்தபின் இந்த வழக்கம் குறைந்தது.

மாசி மகத்தன்று பல மாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து கூடுகின்றன. மணலில் புடவைகளால் கூடாரம் அமைத்துத் தங்கி, விடியற்காலையில் கன்னியம்மனை வழிபடுகிறார்கள். திருமணங்களும் நிச்சயதார்த்தங்களும் அங்கேயே நடக்கும். காட்டு மக்கள் கடற்கரையில் வந்து கும்பிடுவது ஏன் என்று வியப்போர் உண்டு. அவர்களுடைய கன்னியம்மன் நீரோடு சேர்ந்த தெய்வம் என்பதை அறிந்தால் வியப்பு நீங்கும்.

பாலாறு வறண்ட கதை

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றுகிறது. மொத்த நீளம் 348 கிலோமீட்டர். அதில் 93 கர்நாடகத்திலும் 33 ஆந்திரத்திலும் 222 தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. இந்த ஆற்று நீரைப் பற்றி 1892இலேயே சென்னை, மைசூர் அரசுகளுக்கிடையே உடன்பாடு ஏற்பட்டது. மேல்பகுதியில் ஏரிகளும் அணைகளும், நடுப்பகுதியில் வாலாஜா அருகே அணைக்கட்டு என்று ஒவ்வொரு படியிலும் நீர் பிரிந்தது. வேளாண்மைக்கு இது தேவை. ஆனால் எந்த உடன்பாட்டிலும் எந்த அணைக் கணக்கிலும் முகத்துவாரத்தைத் திறக்க இத்தனை நீர் வேண்டும் என்று ஒரு பங்கு ஒதுக்கப்படவில்லை. கடலில் கலக்கும் நீர் வீண் என்ற எண்ணம் நம் பாசனப் பேச்சில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வகுப்பறையில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு ஆற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு, கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. அதன்பின்னும் சீர்கேடு நீங்காததால் 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மீண்டும் தலையிட நேர்ந்தது. இதோடு மணல் அள்ளுதலும் சேர்ந்தது. ஆற்றுப்படுகை தாழ்ந்தது. வந்த சிறிதளவு நீரும் மணலுக்குள்ளேயே இறங்கியது.

கடலுக்கு அருகில் நிலத்தடி நீர் உப்பாவதைத் தடுக்க வாயலூருக்கும் கடலூருக்கும் இடையே தடுப்பணை ஒன்று கட்டப்பட்டு 2019இல் நீர் தேங்கியது. சுற்றியுள்ள ஊர்களின் கிணறுகளுக்கு அதனால் நன்மை உண்டு. மீனுக்கோ அணை ஒரு சுவர். உப்புநீரும் நன்னீரும் கலந்து கிடந்த நீளம் குறுகிவிட்டது. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளம் 1903ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிந்தைய மிகப்பெரியது என்றார்கள். அவ்வளவு நீர் வந்தால் எந்த மணல் திட்டும் நிற்காது. ஆனால் இறாலுக்குத் தேவை நூற்றாண்டுக்கு ஒரு வெள்ளம் அன்று; ஆண்டுதோறும் ஓரளவு நீர்.

கோவளம் கழிக்கு நேர்ந்தது இதற்கு எதிரானது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் உபரி நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து முட்டுக்காட்டில் கடலை அடைகிறது. பழைய மாமல்லபுரம் சாலையில் கணினி நிறுவனங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் வந்தபின், மழைநீரோடு கழிவுநீரும் அதே வழியில் வரத் தொடங்கியது. பாலாற்று முகத்துவாரத்தில் நீர் போதவில்லை, கோவளத்தில் வரும் நீர் நல்லதாக இல்லை.

சட்டத்தின் கண்ணில்

இறால் பண்ணைகளுக்கு எதிராக காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் மரபு முறை அல்லாத பண்ணைகளை அகற்ற அது ஆணையிட்டது. பாலாற்றின் மேல்பகுதித் தோல் கழிவுக்கு ஒரு தீர்ப்பு, கடலோரப் பண்ணைகளுக்கு ஒரு தீர்ப்பு. இரண்டும் ஒரே ஆண்டில், நீதியரசர் குல்தீப் சிங் இடம்பெற்ற அமர்வுகளிலிருந்து வந்தவை. பின்னர் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பண்ணைகளுக்குப் பதிவு முறையை ஏற்படுத்தியது.

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் இயற்றப்பட்டது. கரையை ஒட்டிய கடற்பகுதியைச் சிறு மீனவருக்கு என்று அது ஒதுக்குகிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை, தடைக்கால நிவாரணம் என்று கடலில் ஒரு முறை உண்டு. கழியில் கைவைத்துத் தேடுபவருக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்ற பழைய முறை உள்ளது. எந்தத் தலைக்கட்டு எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று சீட்டு போட்டு முடிவு செய்வார்கள். வளத்தைப் பங்கிடுவதில் மிகச் சிறந்த ஏற்பாடு என்று உலக ஆய்வாளர்கள் அதைப் பாராட்டுகிறார்கள். ஆனால் அங்கேயும் பாட்டில் இருளருக்கும் பெண்களுக்கும் இடமில்லை.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் நீர்நிலைகளின் மீன் மீது பழங்குடியினருக்குச் சமுதாய உரிமை உண்டு என்கிறது. அந்தச் சட்டம் வன நிலத்துக்கு மட்டுமே உரியது. கழியோ பெரும்பாலும் புறம்போக்கு. பழங்குடி என்ற தகுதி இருந்தும் காடு இல்லாத காரணத்தால் உரிமை இல்லை. மீனவர் என்றால் படகு இல்லாத காரணத்தால் பட்டியலில் பெயர் இல்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணம் வழங்கப்பட்டபோது இந்த இடைவெளி வெளிப்படையாகத் தெரிந்தது. படகுகளும் வலைகளும் ஏராளமாக வந்தன. பறிக்கு நிவாரணம் தர எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2014இல் ஏற்ற சிறுதொழில் மீன்பிடிப்புக்கான வழிகாட்டு நெறிகள், கடல் மீனவரோடு உள்நாட்டு நீர்நிலை மீனவரையும், பெண்களையும், படகில்லாமல் கரையில் சேகரிப்பவரையும் மீனவராகவே கொள்கின்றன. இந்த நெறிகளுக்குச் சட்ட வலு கிடையாது.

சிலிகாவும் கோவளமும்

முகத்துவாரத்தைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒடிசாவின் சிலிகா ஏரி சான்று. வண்டல் சேர்ந்து, கடலோடு இருந்த தொடர்பு குறுகி, மீன்வரத்து ஆண்டுக்கு 2,000 டன்னுக்கும் கீழே போய்விட்டது. 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குள் மீன்வரத்து 10,000 டன்னைத் தாண்டியது. செங்கல்பட்டுக் கழிகள் சிலிகாவோடு ஒப்பிட மிகச் சிறியவை. ஆயினும் செயல்படும் விதி ஒன்றே.

2025 மார்ச் மாதத் தமிழ்நாடு நிதிநிலை அறிக்கையில், திருப்போரூரை ஒட்டிய கோவளம் வடிநிலத்தில் 1.6 டி.எம்.சி. கொள்ளளவில் புதிய நீர்த்தேக்கம் அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. சென்னைப் புறநகரின் குடிநீர்த் தேவைக்கும் வெள்ளத் தடுப்புக்கும் அது பயன்படும் என்பது அரசின் விளக்கம். இரண்டும் உண்மையான தேவைகள்தாம். 2015 வெள்ளத்தையும் 2019 கோடைத் தண்ணீர்ப் பஞ்சத்தையும் பார்த்தவர் எவரும் அதை மறுக்கமாட்டார்கள். ஆனால் உவர்நீர் பரவும் நிலத்தில் கரை எழுப்பி நன்னீரைத் தேக்கினால், அந்த அளவுக்கு இறால் வளரும் சேறு குறையும். கீழே முட்டுக்காட்டு வாயைத் திறந்து வைக்கும் மழைநீரிலும் ஒரு பங்கு மேலேயே நின்றுவிடும். கழியை நம்பியிருப்போர் இத்திட்டத்தை எதிர்ப்பதற்குக் காரணம் இதுவே.

எத்தனை பேர் அங்கே கையால் பிடிக்கிறார்கள், எந்த மாதத்தில் எந்தச் சேற்றில் இறங்குகிறார்கள் என்ற விவரத்தை முதலில் எடுத்தால்தான், இழப்பு எவ்வளவு என்று பேசவே முடியும். மதகு எந்த வாரத்தில் திறக்க வேண்டும், எவ்வளவு நீர் கடலுக்கு விட வேண்டும் என்பதை அந்த விவரத்தோடு சேர்த்து முடிவு செய்ய இடமுண்டு.

இப்போதைக்கு, மழைக்காலத்துக்கு முன் நீர்வளத் துறையினர் இயந்திரங்களைக் கொண்டுவந்து முட்டுக்காட்டு முகத்துவார மணலை அகற்றுகிறார்கள். வெள்ளம் ஊருக்குள் புகாமல் இருப்பதற்காகச் செய்யும் வேலை அது. வாய் திறந்ததும், எவரும் கேட்டுக்கொள்ளாமலே, இறால் குஞ்சும் உள்ளே வருகிறது. தை மாதத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்தின் மேலிருந்து பார்த்தால், படகு இல்லத்துக்கு அப்பால், நீரில் குனிந்தபடி மெல்ல நகரும் மனித வரிசையைக் காணலாம்.